கொம்பையா எழுதிக்கொண்டிருக்கிறார்

அநியாயங்களை வரிசை தப்பாமல் சொல்ல வேண்டும் என்பது ஞானப்பூவின் பிடிவாதம். ஒன்றை எடுத்து முன்னால் போட்டால் மற்றதெல்லாம் பொய்போலத் தெரியும் என்பாள். முள்ளிக்கரை உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக முப்பத்துநான்கு வருடத்தில் அவள் ஏறிய மேடைகளில் எல்லாம் அந்த வரிசை ஒன்றேதான்.

முதலாவது, கடலோரத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல், அதனாலேயே எல்லாருக்கும் சொந்தமாகக் கிடந்த நிலத்தைக் கம்பெனி முள்வேலி போட்டு எடுத்துக்கொண்டது. இரண்டாவது, அந்த வேலிக்குள்ளேயே அந்த ஊர்க்காரர்களைக் கூலிக்கு நிறுத்தியது. மூன்றாவது, உப்புத்தண்ணீரில் நிற்கிற கால்களுக்குச் செருப்பு தருகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, செருப்பு வந்த லாரியைப் போட்டோ எடுத்த பிறகு அப்படியே திருப்பி அனுப்பியது. நான்காவது, பெண்கள் அங்கே கூடிப் பேசுகிறார்கள் என்பதற்காகக் குடிதண்ணீர்த் தொட்டியை இடித்தது. ஐந்தாவது, இவை நான்கையும் சங்கத்தின் நோட்டீஸில் எழுதிய கொம்பையாவை, ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை விடியும் முன், நம்பர் இல்லாத ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்ப விடாதது. ஆறாவது, அந்த ஜீப்பைக் கண்ணால் பார்த்த சேசம்மாளைக் கோர்ட்டில் பொய்சாட்சி ஆக்கியது. ஏனென்றால் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் கொம்பையா வேலைக்கு வந்ததாகக் கம்பெனியின் வருகைப் பதிவேட்டில் இருந்தது.

ஆறோடு நிறுத்தி, ஞானப்பூ தண்ணீர் குடிப்பாள். ஏழாவது ஒன்று இருந்தது. அதை எந்த மேடையிலும் அவள் சொன்னதில்லை.

இருபத்தாறு வருடம் கழித்து அதே பங்குனியில், பாத்திகளில் உப்பு விளைந்து வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்த ஒரு காலையில், கொம்பையா சங்கத்தின் சாட் குழுவில் வந்து சேர்ந்தான்.

அந்தக் குழுவை ஆரம்பித்துக் கொடுத்தவள் சேசம்மாளின் மகள் ஜெனிட்டா. சென்னையில், இப்படிச் செய்தி அனுப்புகிற ஆப் ஒன்றைச் செய்யும் கம்பெனியில் அவள் என்ஜினியர். குழுவில் நாற்பத்தொரு பேர். தினமும் காலை ஆறு மணிக்கு ஞானப்பூ ஒரு வணக்கம் போடுவாள்; உடனே ஒவ்வொருவராக 'இருக்கேன்' என்று போடுவார்கள்; விடியற்காலையில் உப்பளத்து மேட்டில் நின்று மேஸ்திரி பேர் கூப்பிடும்போது சொல்லுகிற அதே 'இருக்கேன்'. அன்று நாற்பது 'இருக்கேன்' வந்து முடிந்த பிறகு, திரையின் உச்சியில் ஒரு வரி வந்து நின்றது: கொம்பையா எழுதிக்கொண்டிருக்கிறார். அதன் பக்கத்தில் மூன்று புள்ளிகள், ஓடி வந்து நின்ற ஆளின் நெஞ்சுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவன் பேருக்கு நேரே நம்பர் இல்லை, படம் இல்லை. அவன் ஊரில் இருந்த காலத்தில் மேனேஜரைத் தவிர யாரிடமும் கைபேசி கிடையாது; அப்போது அவனை யாரும் 'இருக்கிறார்' என்று மரியாதையாகச் சொன்னதும் கிடையாது.

சேசம்மாள் போன் போட்டாள்.

"யக்கா, பாத்தியளா?"

"பாத்தேன்."

"என்ன எழுதுதாம்?"

"முடிச்சாத்தானே தெரியும்."

"அவன் என்னைக்கு சொன்ன நேரத்துக்கு முடிச்சிருக்கான்? நீங்க உலைய வைங்க. இப்பம் முடியாது."

உண்மைதான். வேலைநிறுத்த நோட்டீஸ் திங்கட்கிழமை வேண்டும் என்றால் புதன்கிழமை கொடுப்பவன் கொம்பையா. ஒரு சொல்லுக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பான். சங்க அறையின் மூலையில், பழைய சாக்குக்கட்டின்மேல் பலகையைப் போட்டு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பான். வாசலில் ஞானப்பூவின் நிழல் விழுந்தால், அது அவள் நிழல்தான் என்று எப்படித் தெரியுமோ, "எழுதிக்கிட்டிருக்கேன், ஞானப்பூ" என்பான். அச்சாகி வந்த ஒவ்வொரு நோட்டீஸின் முதல் பிரதியும், மை காய்வதற்கு முன்பே, அவள் கைக்குத்தான் வரும். பள்ளிக்கூடம் போகாத அவள் எழுத்துக் கூட்டப் பழகியது அந்த ஈரமான தாள்களில்தான்; 'உரிமை' என்ற சொல்லை 'அம்மா'வுக்கு முன்னால் வாசிக்கத் தெரிந்துகொண்டவள் அவள். அதற்குமேல் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன இருந்தது என்று கேட்டால் ஒன்றும் இல்லை. வேலைநிறுத்தம் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு பேருமே நினைத்திருந்தார்கள், அதையும் வாய் திறந்து சொன்னதில்லை.

முதல் எதிர்ப்பு சங்கத்துக்குள்ளிருந்தே வந்தது. பொதுக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் நாற்பத்திரண்டாவது ஆளை எப்படிச் சேர்க்கலாம் என்று இரண்டு பேர் கேட்டார்கள். பொதுக்குழு கூடியது. கொம்பையாவை எந்தக் கூட்டத்திலும் நீக்கியதாகத் தீர்மானம் இல்லை, ஆகவே அவர் உறுப்பினராகவே இருந்துவருகிறார், இருக்கிற ஆளைப் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை என்று எழுதி, கைதட்டி, டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. திறந்த போன் ஒன்றாவது விழித்திருந்தால்தான் புள்ளிகள் ஓடுகின்றன, எல்லாப் போனும் தூங்கினால் அவையும் நின்றுவிடுகின்றன என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தார்கள். அதனால் சங்க அறையில் ஒரு போனை மேஜைமேல் வைத்து, சார்ஜர் சொருகி, திரை அணைந்துபோகாமல் தொட்டுக்கொண்டிருக்க ஆள் மாற்றி ஆள் முறை போட்டார்கள், மறியலுக்கு முறை போடுகிற மாதிரியே. முறைக்கு வருகிறவர்கள் வெற்றிலையும் பின்னல் வேலையும் ஆய வேண்டிய கீரையும் கொண்டுவந்தார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் வந்து பார்த்து, "இந்த வாரம் முடிச்சிருவாரா?" என்று விசாரித்துவிட்டுத்தான் தேதி குறித்தார்கள். சர்ச்சில் பங்குச்சாமியார் ஞாயிறு மன்றாட்டில் அவனுக்காக ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அம்மன் கோயில் பூசாரி, பின்தங்கிவிடக் கூடாதே என்று, சார்ஜருக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிமார் தூரத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் முன்னால் ஒரு ஆள் இருக்கிறாரே, அவர் முடித்துவிட்டு வரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி, அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குப் போனார்கள்.

என்ன எழுதுகிறான் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. தன்னை ஜீப்பில் ஏற்றியது யார் என்று எழுதுகிறான். ஒரு பேர் எழுதுகிறான். அந்தப் பேர் யாருடையது என்பதில்தான் டீக்கடைக்கு டீக்கடை கருத்து வேறுபட்டது.

கம்பெனிக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஆனி மாதம் கம்பெனி கிளார்க் மாசானம் குடை பிடித்துக்கொண்டு ஒரு வக்கீல் நோட்டீஸோடு வந்தார். எழுதப்பட்டுவரும் செய்தி கம்பெனியின் நற்பெயருக்குக் குந்தகம் விளைவிக்கக்கூடும் என்பதால் மேற்படி கொம்பையா எழுதுவதை உடனே நிறுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. ஞானப்பூ அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பின்பக்கத்திலேயே பதில் எழுதிக் கொடுத்தாள்: 'நோட்டீஸை அவரிடமே நேரில் கொடுக்கவும். அவர் இருக்கும் இடம் உங்களுக்குத்தான் தெரியும்.'

மாசானம் படித்தார். மடித்துப் பையில் வைத்தார். ஆனால் போகவில்லை; மேஜைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நான் ஒரு நிமிசம் பாத்துக்கிடலாமா?"

"பாரும். சும்மா பாக்க வேண்டாம், அணையப் போகுது, ஒரு தட்டு தட்டிவிடும்" என்றாள் முறையில் இருந்த சேசம்மாள். கம்பெனியின் கிளார்க் ஒரு விரலால், சுடுமோ என்று பயப்படுகிறவர்போல, திரையைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆவணியில், பராமரிப்பு வேலை என்று சொல்லிக் கம்பெனி நிலத்தில் நிற்கிற டவருக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். புள்ளிகள் மறைந்தன. அந்த இரண்டு மணி நேரம் ஊரில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. உப்பு வாருகிற பெண்கள் வாருபலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கோஷம் போடாமல், ஒரு சொல் பேசாமல், பாத்தி வரப்புகளின் வழியாக நடந்து போய் டவரைச் சுற்றி நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். மின்சாரம் வந்தது. கொம்பையா விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினான்.

இத்தனையையும் முன்னால் நின்று நடத்தியவள் ஞானப்பூ. ஆனால் தன் முறை வரும்போது, அறையில் தனியாக அந்த மூன்று புள்ளிகளோடு இருக்கும்போது, அவளுக்கு இரண்டு ஆசை இருந்தது. அவன் முடிக்க வேண்டும் என்பது ஒன்று. முடிக்கவே கூடாது என்பது மற்றொன்று. அவன் குனிந்து ஒரு பேரை எழுதிக்கொண்டிருக்கிறான் என்றால், அது தன் பேராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தவள் முள்ளிக்கரையில் அவள் ஒருத்திதான்.

ஐப்பசி மழை வந்து பாத்திகள் கரைந்து வேலை நின்றது. ஜெனிட்டா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஒரு பிற்பகலில், வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சங்க அறைக்கு வந்து உட்கார்ந்தாள். சேசம்மாள் கருப்பட்டிக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"ஏழு மாசமா எழுதுதாரே, ஏன் வரமாட்டேங்கு?" என்று ஞானப்பூ கேட்டாள். "ஒனக்கு இதுதானே வேலை. எனக்குப் புரியுத மாதிரி சொல்லு."

"பெரியம்மா, முந்தி ரேசன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்துதான்னு கேக்கப் போவீயள்லா? போறது, இல்லம்பான், திரும்புறது, மறுபடி போறது. போனும் மொதல்ல அப்படித்தான் செஞ்சுது. எங்கம்பெனியில பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கும், எல்லாருக்கும் வாரத அது வாங்கி வச்சிருக்கும். இது நிமிசத்துக்கு ஒருக்கப் போயி, எனக்கு ஏதும் வந்துதான்னு கேக்கும். இல்ல. வந்துதா? இல்ல. நடந்து நடந்தே தேஞ்சு போகும்."

"நம்ம மனு குடுத்த மாதிரி" என்றாள் சேசம்மாள்.

"பொறவு ஒரு யோசனை பண்ணாங்க. கேட்டுட்டுத் திரும்ப வேண்டாம், வாசல்லயே நில்லு. அங்க உள்ளவனும் இல்லன்னு சொல்ல மாட்டான். ஏதாவது வந்தாத்தான் வாயத் தெறப்பான். அதுவரைக்கும் ஒன் கேள்வி அவன் கையில, நீ வாசல்ல."

இருபத்தாறு வருடமாகத் தான் எங்கே நின்றுகொண்டிருக்கிறாள் என்பதற்கு ஒரு பேர் இருக்கிறது என்று ஞானப்பூவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இப்பம் அதுவும் இல்ல" என்றாள் ஜெனிட்டா. "ஒரே ஒரு தடவ கதவத் தட்டணும். ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்டா, நடுவுல ஒரு வாய்க்கால் வெட்டுன மாதிரி. அடைக்கவே மாட்டாங்க. இங்கேருந்து தண்ணி அங்க போவும், அங்கேருந்து இங்க வரும், யாரும் யாரையும் கேக்க வேண்டாம். ஆனா வாய்க்கால் தெறந்து கெடக்கணும்னா, கொஞ்ச நேரத்துக்கு ஒருக்க ஒரு கொரல் குடுக்கணும். இருக்கியான்னு இது கேக்கும். இருக்கேன்னு அது சொல்லணும். பதில் வரலைன்னா, சரி, ஆளு போயிட்டாருன்னு குறிச்சுக்கிடும். குறிச்சாத்தான் வேற எங்கேருந்தாவது அந்த ஆளு வந்தா ஏத்துக்கிடும்."

"ஆளு போன பெறகும், அவரு பேருக்கு வேற ஒருத்தர் இருக்கேன்னு சொல்லிட்டா?" ஞானப்பூவின் குரல் தாழ்ந்திருந்தது.

ஜெனிட்டா காப்பியை ஆற்றிக்கொண்டே, இது வேலையில் தினமும் பார்க்கிற கோளாறு என்பதுபோலச் சொன்னாள்: "அப்பம் அவரு இங்கயேதான் இருக்காருன்னு அது நம்பிக்கிட்டிருக்கும். நெசமான ஆளு வேற எடத்துல நின்னு எவ்வளவுதான் எழுதினாலும் உள்ள வராது. இந்தப் பொய்யான 'இருக்கேன்' நிக்கணும். ஒருக்க கூப்பிட்டு, யாருமே பதில் சொல்லாம இருக்கணும். அந்த அமைதிதான் பெரியம்மா அதுக்கு வேணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு ஞானப்பூ அவசரக் கூட்டம் போட்டாள். மழை விட்டிருந்தது. நாற்பத்தொரு பேரும் வந்தார்கள். சங்க அறையில் இடம் போதாமல் வாசலிலும் நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே மாசானம், குடையை மடக்கி வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவரை யாரும் விரட்டவில்லை. மேஜைமேல் போன் இருந்தது. கொம்பையா எழுதிக்கொண்டிருந்தான்.

ஞானப்பூ எழுந்து வழக்கம்போல வரிசையாகச் சொன்னாள். நிலம். கூலி. செருப்பு. தண்ணீர்த் தொட்டி. ஜீப். பதிவேடு. ஆறு முடிந்ததும் பக்கத்தில் இருந்தவள், பழக்கத்தில், தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். ஞானப்பூ வாங்கவில்லை.

"ஏழாவது" என்றாள். "நம்ம அளத்துல ஒரு பழக்கம் உண்டு, எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு ஒருத்தி பிந்தி வருவா, மேஸ்திரி அவ பேரக் கூப்பிட்டா பக்கத்துல நிக்கிறவ இருக்கேம்பா. அவருக்கு இருட்டுல முகம் தெரியாது. அது திருட்டு இல்ல, நம்ம ஒருத்தர ஒருத்தர் காப்பாத்துன வழி. அந்தச் செவ்வாக்கெழம கொம்பையாவக் காணும். நோட்டீஸ் எழுத எங்கயோ ஒளிஞ்சிருக்கான்னு நான் நெனச்சேன். மூணு நாள் வரலைன்னா வேலையவிட்டு நிப்பாட்டிருவாவ. அவன் பேரக் கூப்பிட்டாவ. நான் அவன மாதிரி தொண்டையக் கட்டிக்கிட்டு இருக்கேன்னேன். செவ்வா, புதன், வியாழன். மூணு நாளும் நான்தான். ஜீப்பப் பத்தி சேசம்மா சொல்லி நான் கேட்டது வியாழன் ராத்திரிதான். பதிவேட்டுல கம்பெனி பொய்யா எழுதல. எழுத வச்சது நான். கோர்ட்டுல சேசம்மா நின்னா, ஜீப்பப் பாத்தேன்னு சொன்னா, எல்லாரும் சிரிச்சாவ. நான் மூணாவது பெஞ்சுல ஒக்காந்திருந்தேன். வாயத் தெறக்கல. நான் சொன்னா சங்கமே பொய்யின்னு ஆயிரும்னு எனக்கு நானே ஒரு நோட்டீஸ் எழுதி வச்சுக்கிட்டேன். இருபத்தாறு வருசமா அதையே வாசிச்சுக்கிட்டிருக்கேன்."

தன்னைப் 'பொய்சாட்சி' என்று கூப்பிட்டுப் பிள்ளைகள் கேலி செய்த தெருவில் இருபத்தாறு வருடம் நடந்த சேசம்மாள், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் கையை நீட்டினாள்; அவள் தட்டிவிட்டாள்.

"நான் புருசங்கிட்டயே பொய்க்காரின்னு பேரு வாங்குனேன்" என்றாள். அவள் அக்கா என்று சொல்லவில்லை. "அந்த மனுசன் சாகுற அன்னைக்கும் கேட்டாரு, நெசமாவே பாத்தியான்னு."

"தெரியும்."

"என்ன தெரியும் ஒனக்கு?"

ஞானப்பூ மேஜைமேல் இருந்த நோட்டை இழுத்துக்கொண்டாள்.

"படி" என்றாள் சேசம்மாள். "எதுக்குக் கூட்டுனியோ அதப் படி. ஒங்கூட நான் இனிமே பேசுதேனா இல்லையாங்கிறத பெறகு பாக்கலாம்."

ஞானப்பூ சங்கத்தின் உறுப்பினர் நோட்டைத் திறந்தாள். இன்று கூப்பிடப்போவது ஒரே ஒரு பேர், மூன்று தடவை. ஒருவர் பேருக்கு இன்னொருவர் பதில் சொல்லக்கூடாது என்று இந்த ஊரில் முதல்தடவையாகக் கேட்கிறேன் என்றாள்.

"செவ்வாய்க்கிழமை. கொம்பையா."

ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. பதில் சொல்லியே பழகிய நாற்பது தொண்டைகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு கிழவி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

"புதன்கிழமை. கொம்பையா."

ஜன்னலுக்கு வெளியே மாசானம் தலையைக் குனிந்துகொண்டார்.

"வியாழக்கிழமை. கொம்பையா."

அந்த அமைதி அறையிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து கரைந்து கிடந்த பாத்திகளுக்கும், அதற்கு அப்பால் வாய்க்கால் கடலில் சேருகிற இடத்துக்கும் போய்ச் சேருகிறவரை அவள் காத்திருந்தாள். பிறகு பேனாவை எடுத்து, கொம்பையா என்ற பேருக்கு நேரே, 'இல்லை' என்று எழுதினாள். அவளுடைய கையெழுத்து அவனுடைய கையெழுத்தைப் பார்த்துப் பழகியது. அந்தச் சொல்லை அவனே எழுதிய மாதிரி இருந்தது.

மூன்று புள்ளிகளும் நின்றன.

ஜெனிட்டா கையை உயர்த்தி, யாரும் பேச வேண்டாம் என்றாள். உடனே, மேஜைமேல் இருந்த போனும் இடுப்பில் செருகியிருந்த போன்களும் பைக்குள் கிடந்த போன்களும், ஒன்று முந்தாமல் ஒன்று பிந்தாமல், எல்லாம் ஒரே சமயத்தில் மணியடித்தன.

எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து ஞானப்பூவைப் பார்த்தார்கள். அவளுக்குக் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. துடைக்கக் கை வரவில்லை.

"எழுதிட்டானா?"

"எழுதிட்டாரு பெரியம்மா."

"பேரா?"

"பேருதான். வேற ஒண்ணும் இல்ல."

"யார் பேரா இருந்தாலும் சத்தமா வாசிக்கணும்" என்றாள் ஞானப்பூ. "சாட்சி இருக்கணும். யாராவது வாசிங்க."

ஒருவரும் வாசிக்கவில்லை. சேசம்மாள் நிலைப்படியை விட்டு நடந்து வந்து மேஜைமேல் இருந்த போனை எடுத்தாள். குற்றவாளியின் பேரைக் கோர்ட்டில் எப்படி வாசிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வறண்ட குரலில், முகத்தைப் பார்க்காமல், கல்லைக் கீழே வைக்கிற மாதிரி வாசிப்பார்கள். அப்படி வாசிக்க அவளுக்கு உரிமை இருந்தது. ஞானப்பூ அதற்குத் தயாராகக் கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றாள்.

சேசம்மாள் திரையை நெடுநேரம் பார்த்தாள். அதில் இருந்த ஒரே சொல்லுக்குப் பின்னால், யாரோ ஒருவன் மேட்டில் நின்று பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்; முகத்தை நிமிர்த்தி, ஞானப்பூவின் கண்ணைப் பார்த்து, விடியற்காலை இருட்டில் அளத்தின் அந்தக் கடைசிப் பாத்தியில் நிற்கிறவளுக்கும் கேட்கட்டும் என்று மேட்டிலிருந்து கூப்பிடுவார்களே, அதே இழுப்போடு, அதே சத்தத்தோடு கூப்பிட்டாள்:

"ஞானப்பூ...!"